தோட்டத்து ரயிலும் மறைந்த ஓசூர்ப் பாதையும்

அத்திபெலேயிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இடையில் மாநில எல்லையும் சுங்கச்சாவடியும் இருக்கின்றன. அந்த ஓசூருக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன், இரண்டரை அடி அகலமே கொண்ட தண்டவாளத்தில் ஒரு சிறிய ரயில் வந்துகொண்டிருந்தது. இப்பகுதியில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருக்கும் நம்மில் பலர் இதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை 1906-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது, 1941-இல் மூடப்பட்டது.

வீட்டுத் தோட்டத்தில் மாதிரி ரயில்பாதை அமைக்கும் கலையைப் பற்றிய கட்டுரையில் இந்தப் பழைய கதை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். தோட்டத்து ரயிலை அமைக்க விரும்புகிறவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, ‘எந்த எஞ்சினை வாங்குவது?’ என்பதன்று. ‘எந்தப் பாதையை நம் மண்ணில் மறுபடி இடப்போகிறோம்?’ என்பதே அக்கேள்வி. அகலம், வளைவு, செலவு, உழைப்பு ஆகிய அனைத்தும் அதன் விடையிலிருந்தே பிறக்கின்றன.

சிறு ரயில்களின் மீது நம் நாட்டவருக்கு உள்ள ஈடுபாடு புதியதன்று. குவாலியர் ஜெய்விலாஸ் அரண்மனையின் விருந்து மேசையில் ஓடிய வெள்ளி ரயில் உலகறிந்தது. மதுக் குப்பிகளை ஏந்தி விருந்தினர் முன் செல்லும் அந்த ரயில், ஒருவர் குப்பியைத் தூக்கியதும் நின்றுவிடும். புணே நகரின் கோத்ரூட் பகுதியில் பி. எஸ். ஜோஷி உருவாக்கிய சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. பெங்களூரு கப்பன் பூங்காவின் புட்டாணி எக்ஸ்பிரஸில் ஏறாத குழந்தைகள் இந்நகரில் குறைவு. ஆயினும் மேசையிலும் கூடத்திலும் ஓடும் ரயிலுக்கும், வெட்டவெளியில் ஓடும் ரயிலுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கூரையின் கீழ் இருப்பது பொம்மை உலகம். அங்கே வானிலை இல்லை. தோட்டத்திலோ ரயில் சிறியது, மழை பெரியது.

சுருங்குவதும் சுருங்காததும்

மாதிரி ரயில்களில் பாதையின் அகலத்தை எண்களால் வகைப்படுத்தும் வழக்கத்தை ஜெர்மனியின் மெர்க்ளின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் தொடங்கிவைத்தது. வீட்டினுள் ஓடும் மாதிரிகளில் பெருவழக்காக உள்ளது 16.5 மில்லிமீட்டர் அகலம். தோட்டத்திற்கு அது போதாது. ஒரு வேப்பிலைக் காம்பே அந்த எஞ்சினைக் கவிழ்த்துவிடும். 1968-இல் நூரம்பெர்க் நகரின் லேமான் நிறுவனம், வெயிலையும் மழையையும் தாங்கும் 45 மில்லிமீட்டர் அகல ரயிலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தோட்டத்து ரயில் உலகெங்கும் பரவுவதற்கு அது பெரிதும் காரணமாயிற்று.

லேமான் தேர்ந்த அளவு 22.5-இல் ஒரு பங்கு. ஒரு மீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 மில்லிமீட்டர் வரும். எனவே அந்தப் பாதை மீட்டர் பாதையின் நேர்ச் சிற்றுருவாகும். நமக்கு மிக நெருக்கமான மீட்டர் பாதை மேட்டுப்பாளையம்–உதகமண்டலம் மலைப்பாதை. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் சென்ற அப்பாதையை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அதனை அப்படியே தோட்டத்தில் இட இயலுமா? 45.88 கிலோமீட்டர் நீளம் 22.5-இல் ஒரு பங்காகச் சுருங்கினாலும் 2 கிலோமீட்டரைத் தாண்டும். 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் வரையுள்ள ஏற்றம் 83 மீட்டராகும். இது ஓர் அடுக்குமாடிக் கோபுரத்தின் உயரம். ஆகவே 208 வளைவுகளில் இரண்டையும், 250 பாலங்களில் மூன்றையும், 16 குகைகளில் ஒன்றையும் தேர்ந்துகொண்டு, அப்பாதையின் இயல்பை மட்டும் காட்டுவதே அறிவுடைமை. மாதிரிக் கலை என்பது எதை விடுவது என்று தேரும் கலையுமாகும்.

எதைச் சுருக்கினாலும் மழைத்துளி மட்டும் சுருங்காது. 2 மில்லிமீட்டர் துளி இந்தச் சிற்றூரில் எலுமிச்சம்பழ அளவில் விழும். 6 சென்டிமீட்டர் வேப்பிலை, பாதையின் குறுக்கே விழுந்த 1.35 மீட்டர் தடையாக நிற்கும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மலைரயில் நிறுத்தப்படும் செய்தியை நாளிதழ்களில் நாம் அடிக்கடி படிக்கிறோம். அதே நீர், அதே மண் இயல்பு நம் தோட்டத்திலும் வேலை செய்கின்றன.

ஒரு பஞ்சப் பாதையின் கதை

நீலகிரிப் பாதைக்குப் பெருமை உண்டு, பாதுகாவலர் உண்டு. திருச்சி பொன்மலைப் பணிமனை இந்நூற்றாண்டிலும் அதற்குப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து தந்திருக்கிறது. அத்திபெலேக்கு அண்மையில் ஓடிய ஓசூர்ப் பாதைக்கோ எவரும் இல்லை.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. தானியம் ஓரிடத்தில் இருந்தும், பட்டினி கிடக்கும் ஊருக்கு அதைக் கொண்டுசெல்ல வழியில்லை. அதன்பின் 1880-இல் பஞ்ச ஆணையம் ரயில்பாதைகளை விரிவாக்குமாறு பரிந்துரைத்தது. சென்னை–சேலம் பெரும்பாதையிலிருந்து உள்நாட்டிற்குள் கிளைத்த இரண்டு குறுகிய பாதைகள் அந்த நோக்கத்திற்காகவே இடப்பட்டன. ஒன்று 1905-இல் திறக்கப்பட்ட திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை. மற்றொன்று மொரப்பூர்–தருமபுரி–ஓசூர் பாதை. இரண்டும் 762 மில்லிமீட்டர் அகலமுடையவை. இரண்டும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டன.

மூடிய பாதையை மீட்பது எளிதன்று. விடுதலைக்குப் பிறகு பெங்களூரையும் சேலத்தையும் இணைத்து மீட்டர் பாதை வந்தது. பின்னர் அது அகலப் பாதையாயிற்று. இன்று ஆனேக்கல் சாலை, ஓசூர், கெலமங்கலம், இராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு, தருமபுரி எனச் செல்லும் ரயில் அதில்தான் ஓடுகிறது. ஆனால் மொரப்பூர்–தருமபுரி இணைப்பை மறுபடி அமைப்பதற்கு 2019-இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. கிருஷ்ணகிரி நகரமோ, மாவட்டத் தலைநகராக இருந்தும், இன்றளவும் தன் ரயிலுக்காகக் காத்திருக்கிறது.

1941-இல் பத்து வயதாயிருந்த ஒருவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். அந்த ரயிலில் ஏறியவர்களின் நினைவு நம் கண்முன்னே கரைந்துகொண்டிருக்கிறது. நீலகிரி ரயிலை நேரில் காணலாம். அதன் மாதிரியைக் கடையில்கூட வாங்கலாம். ஓசூர்ச் சிற்றுருவை விலைக்கு வாங்க முடியாது. தேடித்தான் செய்ய வேண்டும். அந்தத் தேடலே அதன் மதிப்பு.

அளவுக்கு வழியுண்டு. 762 மில்லிமீட்டரை 32 மில்லிமீட்டர் மாதிரிப் பாதையில் இட்டால் அளவு ஏறத்தாழ 24-இல் ஒரு பங்காகும். இங்கிலாந்தின் பீகோ நிறுவனம் தோட்டத்திற்கென்றே இந்த அகலத்தில் தண்டவாளம் செய்கிறது. பெட்டிகளின் தோற்றத்திற்கு அதே 762 மில்லிமீட்டரில் இன்றும் ஓடும் கல்கா–சிம்லா ரயிலை ஒப்புநோக்கலாம். நிலையக் கட்டடத்திற்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. எலகங்காவிலிருந்து சிக்கபள்ளாப்பூர் வழியாகப் பங்காருப்பேட்டை சென்ற பாதையும் முன்பு இதே அகலத்தில்தான் இருந்தது. அதன் தேவனஹள்ளி, நந்தி நிலையங்களின் பழைய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. உரிய அனுமதியுடன் ஓர் அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டு சென்றால் போதும். 10 மீட்டர் நீளமுள்ள சுவர் நம் தோட்டத்தில் 42 சென்டிமீட்டராக எழும்.

அடித்தளமே பாதி ரயில்

வீட்டின் பின்புறம் முப்பதடிக்கு இருபதடி இடம் இருப்பதாகக் கொள்வோம். அதில் சுற்றுப்பாதை ஒன்றை இட்டால் ஏறத்தாழ 23 மீட்டர் நீளம் கிட்டும். இரு அளவுகளில் எதனை எடுத்தாலும் அது உண்மைப் பாதையில் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

வேலையைத் தண்டவாளத்திலிருந்து தொடங்கக் கூடாது. ஒரு நல்ல மழையன்று குடை பிடித்துக்கொண்டு, நீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, மாடியின் வடிகுழாய் எங்கே கொட்டுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வதே முதல் வேலை. பெங்களூரு வட்டாரத்திற்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களும் மழை தருகின்றன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அது வலுக்கும். நம் செம்மண் காய்ந்தபோது கல்லைப் போல இறுகும். நீர் ஓடினால் கரைந்து செல்லும்.

பாதை செல்லும் வழியெங்கும் ஓர் அடி அகலத்தில் அரை அடி ஆழத்திற்கு மண்ணை வேரோடு அகற்ற வேண்டும். அடியில் முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் சிறு சிப்ஸ் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்த அடுக்கு எனப் பரப்பி, நீர் தெளித்து இடிக்க வேண்டும். தண்டவாளம் அதன்மேல் மிதந்தாற்போல் கிடக்க வேண்டும். ஸ்லீப்பர்களின் இடைவெளியை மெல்லிய சிப்ஸால் நிரப்பினால் போதும். நீர் ஓடும் இடங்களில் நான்கு அங்குலக் குழாயைப் பாதைக்குக் கீழே குறுக்காகப் பதித்து, அதன் வாயில் சிறு கற்களால் வளைவு கட்டினால், வடிகாலுக்கு வடிகாலும் ஆயிற்று, பாலத்திற்குப் பாலமும் ஆயிற்று. மலைப்பாதைகளின் பாலங்களும் பெரும்பாலும் நீருக்கு வழிவிடவே பிறந்தவை.

குனிந்து வேலை செய்ய இயலாத மூத்தவர்கள், சாலிட் பிளாக் தூண்களை எழுப்பி இடுப்பளவு உயரத்தில் பாதையை அமைக்கலாம். நீரும் பெருச்சாளியும் அடியில் போய்விடும். நின்றபடியே ரயிலைக் கையாளலாம். இதற்கு மட்டம் தவறக் கூடாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் மட்டக்குழாய் இதற்கு மிகப் பொருத்தமான கருவி, விலையும் சொற்பம்.

வளைவு, ஏற்றம், வெயில்

கடையில் கிடைக்கும் ஆகச் சிறிய வளைவின் ஆரம் 60 சென்டிமீட்டர். அதனை உண்மை அளவாக்கினால் 13.5 மீட்டர்; எந்த மலைரயிலும் அதில் திரும்பாது. நீலகிரியின் மிகக் கூர்மையான வளைவே ஏறத்தாழ 100 மீட்டர் ஆரம் கொண்டது. தோட்டத்தில் 1.2 மீட்டருக்குக் குறையாத ஆரம் வைத்தால் பெட்டிகள் தடம் புரளாமல் செல்லும், கண்ணுக்கும் இயல்பாகத் தெரியும்.

ஏற்றத்திற்கு 50-க்கு 1 என்ற விகிதம் பாதுகாப்பானது. ஒரு பாதை மற்றொன்றின்மேல் 25 சென்டிமீட்டர் உயர்ந்து செல்ல வேண்டுமானால் 12.5 மீட்டர் ஓடி ஏற வேண்டும். நம் இடத்தின் பாதிச் சுற்று அதற்கே செலவாகும். நீலகிரி ரயில் 12.5-க்கு 1 என்ற செங்குத்தில் ஏறுவது பற்சக்கரத்தின் துணையால். அதனை விரும்புவோர்க்குத் தோட்ட அளவிலும் பற்சட்டம் கிடைக்கிறது.

வெயிலின் கணக்கைப் பலர் மறந்துவிடுகின்றனர். மார்கழி விடியலில் 15 டிகிரியில் இருக்கும் பித்தளைத் தண்டவாளம் சித்திரை நண்பகலில் 55 டிகிரியை எட்டலாம். அந்த 40 டிகிரி வேறுபாட்டில் 10 மீட்டர் பித்தளை ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாமல் இறுக்கிவிட்டால் பாதை பாம்பாய் நெளியும். குளிர்ந்த காலையில் இடும்போது ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் அளவு இடம் விடுவது நன்று.

மின்சாரமும் உயிர்களும்

தண்டவாளத்தில் மின்சாரத்தைச் செலுத்துவது பழைய முறை. வெட்டவெளியில் அழுக்கும் களிம்பும் படிந்து மின்தொடர்பு அறுபடுவதால், ஓட்டும் முன் ஒவ்வொரு முறையும் துடைக்க நேரும். எஞ்சினிலேயே மின்கலத்தை வைத்துக் கையிலிருக்கும் கருவியால் இயக்கும் முறை இன்று பெருகிவருகிறது. எம்முறையானாலும் வீட்டு மின்சாரத்தைத் தோட்டத்திற்கு நேரடியாகக் கொண்டுவரக் கூடாது. குறைமின் அழுத்தம் மட்டுமே வெளியே வரலாம். அதனை மாற்றித் தரும் பெட்டி வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும். கோடை இடிமழையின்போது இணைப்புகளைக் கழற்றிவிடுவது நலம்.

மரத்தாலான ஸ்லீப்பர்களைக் கரையான் விடாது. வெயில் தாங்கும் பிளாஸ்டிக்கே ஏற்றது. குகைக்குள் அணில் கூடு கட்டும், எறும்பு புற்று வைக்கும், சில வேளைகளில் பாம்பும் தங்கும். ஆகவே குகையின் நீளம் ஒரு மீட்டருக்கு மேற்படாமல், இரு முனையிலிருந்தும் டார்ச் ஒளியில் முழுவதும் தெரியுமாறு அமைய வேண்டும். கை நுழைக்கும் முன் நீண்ட கோலால் ஒருமுறை துழாவிவிட வேண்டும்.

செடிகளுக்கு வெளிநாட்டுப் பட்டியல்களைத் தேட வேண்டா. ஓர் அடி உயரத்தில் கத்தரித்த துளசி, இந்தச் சிற்றூரில் 7 மீட்டர் மரம். மருக்கொழுந்து புதர்க்காடாகும், பத்து மணிப்பூ மலர்வயலாகும். ஓசூர் வட்டாரத்தின் ரோஜாத் தோட்டங்களை அவ்வயல் நினைவூட்டும். அருகம்புல்லை மட்டும் பாதையோரம் வேர்பிடிக்க விடக் கூடாது.

செலவைச் சிறுகச் சேர்த்தல்

இப்பொழுதுபோக்கில் பலர் கால் இடறும் இடம் தொடக்கமே. வண்ணப்பெட்டியில் வரும் வெளிநாட்டு எஞ்சின் கண்ணைக் கவர்கிறது. அதன் விலையோடு இறக்குமதி வரியும் அனுப்பும் செலவும் சேர்கின்றன. பாதைக்குப் பணம் மிஞ்சுவதில்லை. நாம் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான வரிசை. முதல் ஆண்டு வடிகாலும் அடித்தளமும், இரண்டாம் ஆண்டு தண்டவாளம், மூன்றாம் ஆண்டு எஞ்சின். இடைப்பட்ட காலத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் சிறு தொகையைச் சேர்த்துவந்தால், எஞ்சினுக்கான நாள் வரும்போது கடனட்டையைத் தொட வேண்டிய தேவையிராது. விளையாட்டுக்குக் கடன் வாங்குவது விளையாட்டின் இன்பத்தையே குறைத்துவிடும்.

அத்திபெலே, பொம்மசந்திரா, ஓசூர் தொழிற்பேட்டைகளுக்கு அருகே வசிப்பது நமக்கு ஒரு வாய்ப்பு. சக்கரத்தையும் அச்சையும் கடைந்து தரும் லேத் பட்டறைகள் இங்கு உண்டு. பெட்டியின் உடலை பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டலாம். அந்தத் தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற கைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பணி கிடைப்பது அரிது. பேரப்பிள்ளைகள் அருகில் அமர்ந்தால், வகுத்தலும் விகிதமும் பாடநூலில் இருந்து இறங்கித் தரைக்கு வரும்.

தொடங்க விரும்புவோர் முழுப் பாதையையும் ஒரே மூச்சில் இட வேண்டியதில்லை. ஆடி பிறக்கும் முன் மூன்று மீட்டர் நீளத்திற்கு மட்டும் அடித்தளம் இட்டு, ஒரு துண்டுத் தண்டவாளத்தை அதன்மேல் வைத்துவிடுங்கள். மழை தன் சோதனையைச் செய்யட்டும். அந்த மாதங்களில் தருமபுரி, பாலக்கோடு, ஓசூர்ப் பக்கத்து மூத்தோர் எவரேனும் உறவிலோ நட்பிலோ இருந்தால் சென்று பாருங்கள். ரயிலின் நிறம் என்ன, கட்டணம் எவ்வளவு, நிலையத்தில் என்ன மரம் நின்றது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கார்த்திகை முடிந்ததும் மட்டக்குழாயை எடுத்து அந்த மூன்று மீட்டரை அளந்து பார்க்கலாம். மட்டம் மாறாதிருந்தால் மீதிப் பாதையை இடத் தொடங்கலாம். அதில் நிறுத்த வேண்டிய நிலையத்தின் அடையாளங்களும் அதற்குள் உங்கள் குறிப்பேட்டில் சேர்ந்திருக்கும்.